வலைப்பக்கத்துக்குள் ஒரு தேடல் பெட்டி

சில நூறு நூல்களைக் கொண்ட நூலகப் பட்டியல் ஒன்றில் தேட, ஒவ்வொரு முறையும் தொலைவிலுள்ள சர்வரைக் கேட்க வேண்டியதில்லை. பட்டியல் முழுவதும் பக்கத்தோடு சேர்ந்தே உலாவிக்கு வந்துவிடுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் அங்கேயே தேடி எடுத்துத் தந்துவிடும்.

பெட்டியில் ஓர் எழுத்து விழுந்ததும் உலாவி 'இன்புட்' என்ற நிகழ்வை எழுப்பும். நிரல் உடனே பெட்டியிலுள்ள சொல்லை எடுத்துக்கொள்கிறது. 'ஃபில்டர்' என்ற செயற்கூறு ஒவ்வொரு தலைப்பாக எடுத்துக் கொடுக்க, அதற்குள் அந்தச் சொல் இருக்கிறதா என்று 'இன்க்ளூட்ஸ்' என்ற செயற்கூறு பார்க்கிறது. பொருந்தியவை திரையில் நிற்கும், மற்றவை மறையும். இவ்வளவையும் பத்துப் பன்னிரண்டு வரிகளில் எழுதிவிடலாம். ஆங்கிலத் தலைப்புகளும் இருந்தால் தேடும் சொல், தலைப்பு இரண்டையும் சிற்றெழுத்தாக்கிக்கொள்ள வேண்டும். பட்டியல் நீளமானால், தட்டுவது ஓய்ந்து 300 மில்லிவினாடி கழித்துத் தேடுவது வழக்கம்.

நுட்பமெல்லாம் ஒப்பீட்டில்தான் இருக்கிறது. தமிழில் அதற்குக் கூடுதல் கவனம் வேண்டும். யூனிகோடில் 'கொ' என்பதை இருவிதமாகச் சேமிக்கலாம்: ககரத்துடன் ஒகரக் குறி ஒன்று, அல்லது ககரம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என மூன்று. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இவை கணினிக்கு வெவ்வேறு. 'கொடி' தலைப்பில் இருந்தும் தேடலில் அகப்படாமல் போவது இதனால்தான். 'நார்மலைஸ்' என்ற செயற்கூறு இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும். 2015 முதல் அது ஜாவாஸ்கிரிப்டின் பகுதியாகவே இருக்கிறது. தமிழ்த் தளம் எதுவும் இதை விட்டுவிடக் கூடாது.

புள்ளியும் தனிக் குறியாகவே சேமிக்கப்படுகிறது. ஆகவே 'கடல்' என்று தேடினால் 'கடலில்' வராது. தேடும் சொல்லில் லகரத்தை அடுத்துப் புள்ளி, தலைப்பிலோ இகரக் குறி. தேடும் சொல்லின் இறுதிப் புள்ளியை நீக்கிவிட்டு ஒப்பிட்டால் 'கடலில்', 'கடலோரம்' எல்லாம் கிடைக்கும். கூடவே 'கடலை'யும் வந்து நிற்கும். தேடியது விட்டுப்போவதைவிடத் தேடாத ஒன்றிரண்டு சேர்ந்து வருவது மேல். 'மரம்' என்று தட்டுபவருக்கு 'மரத்தடி'யைக் காட்ட மட்டும் இந்த உத்தி போதாது. அதற்கு வேற்றுமை உருபும் சாரியையும் அறிந்து சொல்லின் அடியைப் பிரிக்கும் நிரல் வேண்டும்.

எதுவும் பொருந்தாதபோது வெற்றுத் திரையைக் காட்டாமல், இன்ன சொல் கிடைக்கவில்லை என்று சொல்வது நல்லது. அந்தச் சொல்லைப் பக்கத்தில் இடும்போது 'இன்னர்எச்டிஎம்எல்' என்ற பண்பு கூடாது, 'டெக்ஸ்ட்கன்டென்ட்' என்ற பண்பு வேண்டும். தேடும் சொல்லை இணைப்பு முகவரியிலிருந்து எடுக்கும் தளங்களில், அச்சொல்லின் இடத்தில் பிறர் நுழைத்த நிரலை முதலாவது இயக்கிவிடக்கூடும். இரண்டாவது எதையும் வெறும் எழுத்தாகவே காட்டும்.