கண்ணி வலையமைப்பு: இணையம் இல்லாதபோதும் செய்தி செல்லும் வழி

மாணவர்களே, க.பொ.த. (சா/த) தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடத்தில் வலையமைப்பு இடத்தியல் பற்றி நீங்கள் கற்றிருப்பீர்கள். பாட்டை, நட்சத்திரம், வளையம், மரம், கண்ணி என வரிசையாக மனனஞ் செய்யும் பலர், கண்ணி இடத்தியலுக்கு வந்ததும் "நம்பகமானது, செலவு கூடியது" என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுவர். அது ஏன் நம்பகமானது, எப்போது செலவு கூடியது என்பதை விளங்கிக்கொண்டால் விடை தானாக வரும். அத்துடன், இணையம் துண்டிக்கப்பட்ட நாளில் ஓர் ஊர் தனக்குள் எவ்வாறு தொடர்புகொள்ளலாம் என்பதும் விளங்கும்.

1. பக்கத்து வீடுதான், ஆனாலும் செய்தி போகாது

உங்கள் கையடக்கத் தொலைபேசியிலிருந்து பக்கத்து வீட்டு நண்பருக்கு இணையவழியாக ஒரு செய்தி அனுப்புகிறீர்கள் எனக் கொள்வோம். அது வேலியைத் தாண்டி நேரே செல்வதில்லை. முதலில் தொலைபேசிக் கோபுரத்துக்குச் செல்கிறது. அங்கிருந்து ஒளியிழை வடம் வழியாக நிறுவனத்தின் நிலையத்தை அடைகிறது. பின்னர் பெரும்பாலும் வெளிநாட்டிலுள்ள ஒரு சேவையகத்துக்குச் சென்று, மீண்டும் அதே கோபுரத்துக்கு வந்து, நண்பரின் தொலைபேசியை அடைகிறது. இருபது மீற்றர் தூரத்துக்கு ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பயணம்!

கோபுரத்துக்கு மின்சாரம் இல்லாமற் போனாலோ, வடம் அறுந்தாலோ, இரு தொலைபேசிகளிலும் மின்கலம் நிறைந்திருந்தும் பயனில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது வெள்ளத்தாலும் மண்சரிவாலும் தொடர்பு துண்டிக்கப்பட்ட ஊர்களில் உறவினரின் நிலையை அறிய முடியாது தவித்தவர்கள் இதனை நன்கு அறிவர்.

இது நட்சத்திர இடத்தியலில் நாம் கற்கும் குறைபாடுதான். நடுவிலுள்ள ஆளி பழுதடைந்தால் அதனோடு இணைந்த எல்லாக் கணினிகளும் தொடர்பை இழக்கின்றன. இங்கே கோபுரம் அந்த ஆளியின் இடத்தில் உள்ளது.

2. கண்ணியின் அடிப்படை

கண்ணி வலையமைப்பில் நடு மையம் என்று ஒன்றில்லை. ஒவ்வொரு கணுவும் தனக்குரிய செய்தியைப் பெறுவதோடு, பிறருக்குரிய செய்தியை அடுத்த கணுவுக்குக் கடத்தியும் விடுகிறது.

நெரிசலான பஸ்ஸில் பின்னால் நிற்பவர் காசு கொடுக்கும் முறையை நினைத்துப் பாருங்கள். அவருடைய காசு பல கைகள் மாறி நடத்துநரை அடைகிறது. ரிக்கற்றும் மிகுதிக் காசும் அவ்வாறே திரும்பி வருகின்றன. நடுவில் நிற்பவர்களில் ஒருவர் இறங்கிவிட்டால் இன்னொருவர் கை நீட்டுகிறார். கண்ணி வலையமைப்பில் செய்தி செல்வதும் இவ்வாறே. ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்குச் செல்லும் ஒவ்வொரு படியும் ஒரு தாவல் எனப்படும்.

உதாரணம்: அ, ஆ, இ, ஈ என நான்கு கணுக்கள் உள்ளன. அ இன் அலை ஆ, இ ஆகியவற்றை மட்டுமே எட்டும். ஈ அதற்கு எட்டாத தூரத்தில் உள்ளது. ஆனால் ஆ, இ இரண்டும் ஈ ஐ எட்டும். எனவே செய்தி அ → ஆ → ஈ என இரு தாவல்களில் செல்லும். ஆ பழுதடைந்தால் அ → இ → ஈ எனச் செல்லும். "நம்பகமானது" என்று நாம் எழுதுவதன் பொருள் இந்த மாற்று வழியே.

3. முழுக் கண்ணியும் பகுதிக் கண்ணியும்

ஒவ்வொரு கணுவும் ஏனைய எல்லாக் கணுக்களோடும் நேரடியாக இணைந்திருந்தால் அது முழுக் கண்ணி. தேவையான வடங்களைக் கணிக்க, கணுக்களின் எண்ணிக்கையை அதிலும் ஒன்று குறைந்த எண்ணால் பெருக்கி 2 ஆல் வகுக்க வேண்டும்.

4 கணுக்கள்: 4 × 3 ÷ 2 = 6 வடங்கள்
30 கணுக்கள்: 30 × 29 ÷ 2 = 435 வடங்கள்

செலவு கூடியது என்பதன் காரணம் இதுவே. ஆனால் கம்பியற்ற கண்ணியில் வடம் இல்லை. ஒவ்வொரு கணுவும் தனக்கு எட்டும் ஓரிரு அயற் கணுக்களோடு மட்டும் இணைந்தாற் போதும். இது பகுதிக் கண்ணி. ஊர் அளவில் அமைக்கப்படும் வலையமைப்புகள் பெரும்பாலும் இவ்வகையினவே.

4. வழியைக் கண்டுபிடிப்பது யார்?

இரு முறைகள் உண்டு. முதலாவது, செய்தியைப் பெற்ற கணு அதனைத் தன் அயலிலுள்ள எல்லோருக்கும் மீண்டும் அனுப்புவது. செய்தி முடிவின்றிச் சுற்றாதிருக்க அதற்குத் தாவல் எல்லை இடப்படும். உதாரணமாக, மெஷ்டாஸ்டிக் என்னும் திறந்த மூல மென்பொருளில் இவ்வெல்லை வழமையாக 3 ஆகும். ஒரே செய்தி இரண்டாம் முறை வந்தால் கணு அதனைக் கைவிடும்.

இரண்டாவது, ஒவ்வொரு கணுவும் எந்த அயற் கணு வழியாக யாரை அடையலாம் என ஓர் அட்டவணை வைத்திருப்பது. அயல் மாறும்போது அட்டவணையும் புதுப்பிக்கப்படும். ஜேர்மனியின் பேர்லின் நகரில் ஃபிரைஃபுங்க் என்னும் சமூக வலையமைப்பினர் உருவாக்கிய பற்மான் என்னும் நெறிமுறை இவ்வகையில் பெயர்பெற்றது.

5. பயன்படும் அலைகள்

புளூரூத்: தொலைபேசிகளிலேயே உள்ளது. சில பத்து மீற்றர் தூரம் எட்டும்.
வைபை: வேகம் கூடியது. கூரைமேல் திசைப்படுத்திய அன்ரெனா பொருத்தினால் சில கிலோமீற்றர் வரை செல்லும்.
லோரா: சிறிய மின்கலத்தில் இயங்கிப் பல கிலோமீற்றர் எட்டக்கூடியது. ஆனால் குறுகிய எழுத்துச் செய்திகளுக்கே ஏற்றது. படமோ காணொளியோ அனுப்ப முடியாது.

வானொலி அலைகளைப் பயன்படுத்தும் கருவிகளுக்கு நாட்டுக்கு நாடு விதிகள் உண்டு. இலங்கையில் இதற்குப் பொறுப்பானது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு.

6. ஓர் உண்மைச் சம்பவம்: றெட் ஹூக்

நியூயோர்க் நகரின் புரூக்ளின் பகுதியில் மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த அயல் றெட் ஹூக். அங்குள்ள ஒரு சமூக நிலையம் தன் கட்டடத்தில் வைபைக் கண்ணி வலையமைப்பைச் சிறிய அளவில் அமைத்திருந்தது. 2012 ஒக்ரோபர் 29 ஆந் திகதி சான்டி சூறாவளி தாக்கியது. றெட் ஹூக் வெள்ளத்தில் மூழ்கியது. பல நாட்கள் மின்சாரம் இல்லை. சமூக நிலையத்தின் கட்டடத்தில் மின்சாரம் நிலைத்திருந்ததால் அதன் வலையமைப்பு இயங்கியது. பின்னர் மத்திய அரசின் அனர்த்த முகாமை நிறுவனம் செய்மதி இணைப்பொன்றை அதனோடு பொருத்தியது. குடியிருப்பாளர்கள் உதவி கோரவும் தகவல் அறியவும் அது வழியானது. அடுத்த ஆண்டு முதல் அவ்வூர் இளைஞர் யுவதிகளே ரவுட்டர் பொருத்தவும் பராமரிக்கவும் பயிற்றப்பட்டனர்.

இதில் இரு விடயங்களைக் கவனியுங்கள். ஒன்று, செய்மதி இணைப்பு இணையத்துக்கான நுழைவாயில் மட்டுமே. ஊருக்குள் தகவலைக் கொண்டுசென்றது கண்ணி வலையமைப்பு. மற்றையது, அவ்வலையமைப்பு புயலுக்கு முன்னரே அமைக்கப்பட்டிருந்தது. வெள்ளம் வந்தபின் கூரையில் ஏறி அன்ரெனா பூட்ட முடியாது.

கண்ணி சிறிய ஊர்களுக்கு மட்டும் உரியதன்று. ஸ்பெயினின் கற்றலோனியாவில் 2004 இல் ஆரம்பமான குய்ஃபி என்னும் சமூக வலையமைப்பு 30 000 இற்கு மேற்பட்ட கணுக்களைக் கொண்டதாக வளர்ந்தது.

7. குறைபாடுகள்

• கணுக்கள் ஐதாக இருந்தால் தொடர்பு அறும். ஊரில் இருவரிடம் மட்டும் கருவி இருந்தால் அது கண்ணி ஆகாது.
• ஒரே வானொலி பெறுதலையும் அனுப்புதலையும் செய்வதால், வைபைக் கண்ணியில் தாவல்கள் கூடக் கூட வேகம் குறையும்.
• கோபுரம் தேவையில்லை. ஆனால் மின்சாரம் தேவை. மின்கலமோ சூரியப்படலோ முன்கூட்டியே வேண்டும்.
• செய்தி பிறர் கருவிகளூடாகச் செல்கிறது. பஸ்ஸில் கைமாறும் காசை எல்லோரும் காண்பது போல, மறைகுறியாக்கம் இல்லாத செய்தியை நடுவில் உள்ளவர் வாசிக்கலாம். புளூரூத் கண்ணிச் செயலியான பிறிட்ஜிஃபையில் பாரிய பாதுகாப்புக் குறைகள் இருப்பதை 2020 இல் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர்.

நினைவிற் கொள்க: வலையமைப்பு வேறு, இணையம் வேறு. வைபை வேறு, இணையம் வேறு. இணையம் இல்லாமலும் வலையமைப்பு இயங்கும்.

8. மாதிரி வினா

வெள்ள அபாயமுள்ள ஒரு கிராமத்தில் பாடசாலை, வைத்தியசாலை, கோயில் உட்பட 10 இடங்களை இணைக்க வேண்டியுள்ளது.

(அ) முழுக் கண்ணியாக இணைக்க எத்தனை வடங்கள் தேவை?
(ஆ) கம்பியற்ற பகுதிக் கண்ணியைத் தெரிவுசெய்ய இரு காரணங்கள் தருக.
(இ) அதன் ஒரு குறைபாட்டைக் குறிப்பிடுக.

விடை:
(அ) 10 × 9 ÷ 2 = 45.
(ஆ) வடங்கள் தேவையில்லை என்பதால் செலவு குறைவு. ஒரு கணு செயலிழந்தாலும் மாற்று வழி உண்டு.
(இ) தாவல்கள் கூடும்போது வேகம் குறையும்.

பயிற்சி: உங்கள் ஊரின் படத்தை வரைந்து, உயரமான பொதுக் கட்டடங்களைப் புள்ளிகளாகக் குறியுங்கள். ஒன்றையொன்று எட்டக்கூடிய புள்ளிகளைக் கோட்டால் இணையுங்கள். பின்னர் ஏதேனும் ஒரு புள்ளியை அழித்துப் பாருங்கள். எஞ்சியவை தொடர்பில் இருந்தால் நீங்கள் வரைந்தது நல்ல கண்ணி. ஊர் இரண்டாகப் பிரிந்தால், அவ்விடத்தில் இன்னொரு கணு தேவை.