நள்ளிரவுக் காரியஸ்தன்!

இரவு மணி 2. ஊரே தூங்குகிறது. அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனியில் விளக்கு இல்லை. ஆள் இல்லை. ஆனால், வேலை மட்டும் நடக்கிறது!

பகலில் பலர் எழுதி வைத்துவிட்டுப் போன கட்டளைகளை ஒரு யந்திரம் ஒன்று சேர்க்கிறது. சோதித்துப் பார்க்கிறது. "இன்ன இடத்தில் கோளாறு" என்று குறித்து வைக்கிறது. காலையில் வருகிறவர்களுக்கு, காப்பி குடிக்கும் முன்பே விவரம் தெரிந்துவிடும்.

கல்யாணச் சமையல்

செல்போனில் பணம் அனுப்புகிறோம். ரெயிலுக்கு டிக்கெட் எடுக்கிறோம். இதை எல்லாம் நடத்தி வைப்பது "சாப்ட்வேர்". யந்திரத்துக்கு மனிதன் எழுதிக் கொடுக்கும் கட்டளைகள்தான் அது.

பெரிய சாப்ட்வேரை ஒரே ஆள் எழுதுவது இல்லை. ஆளுக்கு ஒரு பகுதி எழுதுவார்கள். கல்யாண வீட்டுச் சமையல் மாதிரி! ஒருவர் போட்டது தெரியாமல் இன்னொருவரும் சாம்பாரில் உப்புப் போட்டுவிட்டால்? பந்திக்குப் போகும் முன்பே கண்டுபிடிக்க வேண்டும் அல்லவா?

எல்லோரும் எழுதியதை ஒன்று சேர்ப்பதற்கு "பில்டு" என்று பெயர். சேர்ப்பது, சோதிப்பது, வெளியிடுவது என்று வரிசையாக நடப்பதால், அந்த வரிசையை "பைப்லைன்" என்கிறார்கள்.

45 நிமிடத்தில் போன பணம்

இந்த வேலையை மனிதன் தன் கையால் செய்தால் என்ன?

அமெரிக்காவில் நைட் கேபிட்டல் என்று ஒரு பங்கு வியாபாரக் கம்பெனி இருந்தது. 2012-ம் ஆண்டில், புது சாப்ட்வேரை 8 கம்ப்யூட்டர்களில் ஏற்ற வேண்டி வந்தது. ஏற்றியவர் ஒன்றை மறந்துவிட்டார். சரி பார்க்க இரண்டாவது ஆளும் இல்லை.

ஆகஸ்டு 1-ந் தேதி காலை. பங்கு மார்க்கெட் திறந்தது. அந்த எட்டாவது கம்ப்யூட்டரில் தூங்கிக் கிடந்த பழைய கட்டளை விழித்துக் கொண்டது! கண்டபடி பங்குகளை வாங்கியது, விற்றது. 45 நிமிடம்தான். 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம்!

மார்க்கெட் திறக்கும் முன்பே, கோளாறைச் சொல்லும் 97 இ-மெயில்களை யந்திரம் அனுப்பி இருந்தது. யாரும் கவனிக்கவில்லை. அடுத்த ஆண்டே கம்பெனி வேறொரு கம்பெனியுடன் இணைந்துவிட்டது.

வந்தான் பட்லர்

மனிதனுக்கு மறதி உண்டு. ஆகவே, திரும்பத் திரும்பச் செய்யும் வேலையை யந்திரத்திடம் விட்டார்கள்.

ஜப்பானியரான கோசுகே கவாகுச்சி, அமெரிக்காவில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். தாம் எழுதுவதில் பிழை புகுந்து, கூட வேலை செய்கிறவர்களின் கோபத்துக்கு ஆளாவது அவருக்குச் சங்கடமாக இருந்தது. பிழையை முன்கூட்டியே பிடித்துச் சொல்ல, 2004-ல் ஒரு சாப்ட்வேர் எழுதினார். அதற்கு "ஹட்சன்" என்று பெயர். 2011 முதல் அதன் பெயர் "ஜென்கின்ஸ்". துரை வீட்டு பட்லரின் படம்தான் அதன் சின்னம்!

ஐந்து கட்டம்

பட்லருக்கு நேரம் சொல்ல வேண்டுமே? அதற்கு "கிரான்" என்ற பழைய முறை இருக்கிறது. நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்று ஐந்து கட்டம். "0 2 * * *" என்று எழுதினால், தினமும் 2 மணிக்கு வேலை தொடங்கும்.

இதில் ஒரு வேடிக்கை. பல கம்ப்யூட்டர்கள் உலகப் பொது நேரப்படி ஓடுகின்றன. அதன் 2 மணி, நமக்குக் காலை 7.30! நம் நள்ளிரவு 2 மணிக்கு வேலை தொடங்க வேண்டுமானால், முந்தின நாள் இரவு 8.30 என்று எழுத வேண்டும். கணக்குத் தப்பினால், எல்லோரும் வேலையில் இருக்கும்போது யந்திரம் குறுக்கே வந்து நிற்கும்.

இப்போது இந்தக் கணக்கையும் "ஏ.ஐ. ஏஜெண்டு" பார்த்துக் கொள்கிறது. பழைய பண்ணை வீட்டுக் காரியஸ்தன் போல! "வாரநாட்களில் இரவு 2 மணிக்குச் சோதித்துப் பார்" என்று சாதாரணமாகச் சொன்னால் போதும். ஐந்து கட்டத்தையும் அதுவே எழுதும். சோதனை தோற்றால், ஏன் தோற்றது என்று தேடும். திருத்தமும் எழுதி வைக்கும்.

சாவி யார் கையில்?

ஆனால், காரியஸ்தனும் தவறுவான்!

2025 ஜூலையில் அமெரிக்காவில் ஒரு தொழிலதிபர், ஏ.ஐ. ஏஜெண்டைக் கொண்டு சாப்ட்வேர் தயாரித்தார். "எதையும் மாற்றாதே" என்று கண்டிப்பாகச் சொல்லி இருந்தார். அது கேட்கவில்லை. கம்பெனி விவரங்கள் அடங்கிய தகவல் பெட்டகத்தையே அழித்துவிட்டது! "மீட்க முடியாது" என்றும் சொன்னது. அதுவும் தவறு. பிறகு விவரங்கள் மீட்கப்பட்டன.

கையால் செய்தால் மறதி. ஏஜெண்டிடம் விட்டால் அத்துமீறல். வழி என்ன?

சேர்ப்பதும் சோதிப்பதும் யந்திரத்தின் வேலை. அது எத்தனை இரவு வேண்டுமானாலும் விழித்திருக்கட்டும். அழிக்கும் அதிகாரத்தை மட்டும் அதற்குக் கொடுக்கக்கூடாது. வெளியிடும் முன் ஒரு மனிதர் பார்த்து, "சரி" என்று சொல்ல வேண்டும். "செய்யாதே" என்று வாயால் சொன்னால் போதாது. கதவையே பூட்டி வைக்க வேண்டும்.

சமையலை யார் வேண்டுமானாலும் செய்யட்டும். "இலை போடு" என்று சொல்ல வேண்டியவர் வீட்டுப் பெரியவர்தான்!