முதலில் இடம், பிறகு வூஃபர்

எஸ்.யூ.வி. வாங்கிய கையோடு ஆடியோ கடைக்குப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “நல்லா பேஸ் வரணும், என்ன வூஃபர் போடலாம்?” என்பதுதான். கடைக்காரர் 12 அங்குல வூஃபர் பொருத்திய பெட்டி ஒன்றைத் தூக்கி டிக்கியில் வைத்துப் பாட்டுப் போட்டுக் காட்டுவார். நெஞ்சில் வந்து இடிக்கும். பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம்.

நானும் அப்படித்தான் வாங்கினேன். மூன்று மாதம் சந்தோஷமாக ஓடியது. பிறகு தங்கைக்கு வளைகாப்பு வந்தது. ஏழு பேர் உட்கார வேண்டிய வண்டியில் மூன்றாவது சீட்டுக்குப் பின்னால் சீர்த்தட்டும் வாழைத்தாரும் பலகாரத் தூக்குகளும் போக வேண்டிய இடத்தில் அந்தப் பெட்டி உட்கார்ந்திருந்தது. கழற்றிப் பரணில் வைத்தோம். ஊரிலிருந்து திரும்பிய பிறகு மறுபடி மாட்ட மனம் வரவில்லை. அடுத்த பயணத்துக்கு மறுபடி கழற்ற வேண்டுமே!

அந்தப் பெட்டியில் குறை ஒன்றும் இல்லை. நான் கேட்ட கேள்விதான் முன்பின்னாக மாறிவிட்டது. வண்டியில் எந்த இடம் சும்மா கிடக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு, அந்த இடத்துக்குப் பொருந்தும் வூஃபரைத் தேடியிருக்க வேண்டும்.

பெட்டி ஏன் பெரிதாக இருக்கிறது?

வூஃபரின் கூம்பு முன்னே தள்ளும்போது பின்பக்கம் காற்று இழுபடும். முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் ஒன்றோடொன்று கலந்தால் பேஸ் அடிபட்டுப் போகும். அதைத் தடுக்கத்தான் பெட்டி. அதற்குள் அடைபட்ட காற்று கூம்புக்கு ஒரு ஸ்பிரிங் போலவும் வேலை செய்கிறது. 1954-இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் உருவாக்கிய ஏ.ஆர்.-1 என்ற ஸ்பீக்கர் இந்தக் காற்று ஸ்பிரிங்கை நம்பித்தான் பெட்டியின் அளவைப் பெரிதும் குறைத்துக் காட்டியது.

ஸ்பீக்கர் செய்பவர்கள் ‘ஹாஃப்மன் விதி’ என்று ஒன்றைச் சொல்வார்கள். ஆழமான பேஸ், சிறிய பெட்டி, குறைந்த வாட்டில் நிறைய சத்தம் ஆகிய மூன்றில் இரண்டுதான் ஒரே நேரத்தில் கிடைக்கும். மூன்றாவதை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். முன்பு வாட் விலை உயர்ந்த பொருளாக இருந்தது. அதனால் பெட்டியைப் பெரிதாக்கினார்கள். இன்று ‘கிளாஸ் டி’ வகை ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்) உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய உடம்பிலிருந்து 300 வாட் தருகிறது. வாட்டைக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்து, பெட்டியைச் சிறிதாக்கிக்கொள்ள முடிகிறது.

அளவுகள் தோராயமாக இப்படி இருக்கும். முழுதும் மூடிய பெட்டி என்றால் 8 அங்குல வூஃபருக்கு 8 முதல் 14 லிட்டர், 10 அங்குலத்துக்கு 14 முதல் 21 லிட்டர், 12 அங்குலத்துக்கு 23 முதல் 35 லிட்டர் காற்று வேண்டும். துளைக்குழாய் வைத்த ‘போர்ட்டட்’ பெட்டிக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு தேவை. பலகையின் கனமும் சேர்ந்தால் 12 அங்குலப் போர்ட்டட் பெட்டி 50 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரத்துக்கு வந்துவிடும். அதாவது 80 லிட்டர். ஹூண்டாய் கிரெட்டாவின் டிக்கி 433 லிட்டர். ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவான இடம் அங்கேயே போயிற்று. அதுவும் பெரிய டிராலி பெட்டி படுக்கிற நடுத்தரையிலிருந்து போகிறது.

வண்டி தரும் இலவச பேஸ்

வீட்டுக் கூடத்தில் சோப்ளாங்கியாகக் கேட்கும் சின்னப் பெட்டி காருக்குள் முழங்குவதைப் பலர் கவனித்திருப்பார்கள். காரணம் இதுதான். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 8.5 மீட்டர். காரின் உட்புறமோ மூன்று மீட்டர்கூட இருக்காது. அவ்வளவு நீளமான அலை உள்ளே ஓடித் திரும்ப இடமில்லை. அதனால் வூஃபர் ஒரு காற்றுப் பம்பு மாதிரி மொத்த அறையின் அழுத்தத்தையும் ஏற்றி இறக்குகிறது. சுருதி இறங்க இறங்க இந்த உதவி கூடும். மூடிய பெட்டியின் பேஸ் எங்கே குறையத் தொடங்குகிறதோ, ஏறத்தாழ அங்கேயே காரின் உதவி தொடங்கிவிடுகிறது. ஆகவே காரில் சின்ன மூடிய பெட்டியை நம்பலாம்.

எஸ்.யூ.வி.க்கு இன்னொரு வசதியும் உண்டு. செடானில் டிக்கி தனி அறை. பின்சீட்டைத் தாண்டித்தான் பேஸ் வர வேண்டும். எஸ்.யூ.வி.யில் டிக்கியும் பயணிகள் இருக்கும் இடமும் ஒரே அறை. மேலும், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் எளிதில் பிரித்தறிய முடியாது. சீட்டுக்கு அடியிலோ பக்கவாட்டுப் பேனலுக்குள்ளோ வூஃபர் ஒளிந்திருக்கலாம். பாட்டு டேஷ்போர்டிலிருந்து வருவதாகவே தோன்றும்.

நாம் கேட்கும் பாட்டுக்கு எவ்வளவு ஆழம் வேண்டும் என்பதையும் யோசியுங்கள். நாலு கம்பி பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த சுரம் 41 ஹெர்ட்ஸ். இளையராஜா பாட்டுகளில் தனியாக நடந்துபோகும் அந்த பேஸ் கிட்டார் வரிகள் கேட்க வேண்டும் என்பது உங்கள் ஆசையானால், 40 ஹெர்ட்ஸ் வரை தெளிவாக இறங்கும் 8 அல்லது 10 அங்குல வூஃபர் தாராளம்.

இடம் எங்கே இருக்கிறது?

*முன்சீட்டுக்கு அடியில்.* ஆம்ப்பும் வூஃபரும் ஒரே தகட்டுப் பெட்டியில் வரும் ‘அண்டர் சீட்’ வூஃபர்களின் உயரம் ஏழெட்டு செ.மீ.தான். டிக்கியில் ஒரு லிட்டர்கூடப் போகாது. ஒரு பாதி நாளில் மாட்டிவிடலாம், வண்டியை விற்கும்போது கழற்றிக்கொள்ளலாம். சீட்டை முழுதாகத் தாழ்த்தி, முன்னும் பின்னும் கடைசிவரை தள்ளிப் பார்த்துவிட்டு உயரத்தை அளங்கள். பின்சீட்டுக்காரர்களின் காலுக்குக் காற்று கொண்டுபோகும் ஏ.சி. குழாய் அங்கே இருக்கிறதா என்றும் பாருங்கள். மஞ்சள் நிறக் கப்ளர் கண்ணில் பட்டால் அது ஏர்பேக் ஒயர், அதைத் தொடவே கூடாது. தாழ்வான தெருவில் வண்டி நிறுத்துபவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். மழைத் தண்ணீர் உள்ளே ஏறினால் முதலில் நனைவது இந்தப் பெட்டிதான்.

*ஸ்டெப்னிக்கு உள்ளே.* ஸ்டெப்னி ரிம்மின் குழிக்குள் உட்காரும் வட்டமான வூஃபர்கள் கிடைக்கின்றன. ஜே.பி.எல். நிறுவனத்தின் ‘பேஸ்ப்ரோ ஹப்’ இந்த வகை. டிக்கியின் தரைப்பலகையை மூடிவிட்டால் உள்ளே ஒன்று இருப்பதே தெரியாது. ஆனால் இது எல்லா வண்டிக்கும் ஆகாது. கிரெட்டா, செல்டோஸ் மாதிரி ஸ்டெப்னி டிக்கித் தரைக்கு அடியில் இருக்கும் வண்டிகளுக்குச் சரி. இன்னோவா கிரிஸ்டா, ஃபார்ச்சூனர், ஸ்கார்பியோ போன்றவற்றில் ஸ்டெப்னி வண்டிக்கு வெளியே அடிப்பக்கம் தொங்குகிறது. ‘தார்’ வண்டியில் பின்கதவில் மாட்டியிருக்கிறது. அங்கெல்லாம் இந்த வழி அடைபட்டுவிடும். வாங்கும் முன் தரைப்பலகைக்கும் ரிம்முக்கும் நடுவே உள்ள ஆழத்தை அளங்கள். மாட்டிய பிறகு ஒருமுறையாவது நீங்களே கழற்றிப் பாருங்கள். ராத்திரி நெடுஞ்சாலையில் பஞ்சரானால் வூஃபரை எடுத்தால்தான் ஸ்டெப்னி வெளியே வரும்.

*பக்கவாட்டுப் பேனலுக்குள்.* எனக்கு மிகவும் பிடித்த வழி இது. பின்சக்கரத்தின் மேல்வளைவுக்குப் பின்னால், பிளாஸ்டிக் பேனலுக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவே பல எஸ்.யூ.வி.களில் ஒரு பொந்து இருக்கும். டிக்கியில் தண்ணீர் பாட்டிலும் துடைக்கிற துணியும் கிடக்கும் அந்த மூலை. அதன் வளைவுகளுக்குச் சதுரப் பலகைப் பெட்டி பொருந்தாது. ஃபைபரில் வார்க்க வேண்டும்.

என் வண்டியில் இந்த வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். பொந்து முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டினார்கள். அதன் மேல் ஃபைபர் மேட்டைத் துண்டு துண்டாக வைத்து பிரஷ்ஷால் ரெசின் தடவினார்கள். வெள்ளையாக இருந்த மேட் ரெசின் குடித்ததும் கண்ணாடி போல ஆகிவிடுகிறது. காற்றுக் குமிழி நின்றால் பிரஷ் நுனியால் குத்தி வெளியேற்றுகிறார்கள். இறுகியதும் கிண்ணம் போல வெளியே எடுத்து, வெளிப்புறத்தில் இன்னும் சில அடுக்கு ஏற்றினார்கள். வாய்ப்பக்கத்தில் எம்.டி.எஃப். வளையம் வைத்து அதில் வூஃபர்.

தரம் பார்க்க இரண்டு சோதனைகள் போதும். முதலாவது, சுவரை விரல் முட்டியால் தட்டுங்கள். ‘டம்’ என்று அதிர்ந்தால் மெல்லிசு, பாட்டோடு சேர்ந்து அதுவும் பாடும். ‘டொக்’ என்று அடங்கினால் நல்ல கனம். ஆறேழு மி.மீ. இருந்தால் நல்லது. இரண்டாவது, வளைந்த பெட்டியின் கொள்ளளவை டேப் வைத்து அளக்க முடியாது. ஒரு லிட்டர் குவளையால் அரிசியை அளந்து உள்ளே கொட்டி எண்ணுங்கள். என் பெட்டி 13 குவளை பிடித்தது. வூஃபரின் காந்தமும் கூடும் அடைக்கும் ஒரு லிட்டரைக் கழித்தால் 12. மூடிய 8 அங்குல வூஃபருக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது.

பேனலைக் கழற்றும் முன் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஜாக்கி வைக்கும் இடம், மூன்றாவது வரிசை சீட் பெல்ட், பெட்ரோல் ஊற்றும் குழாய், கதவு சாத்தும்போது உட்காற்று வெளியேறும் துவாரம் ஆகியவை அங்கேதான் இருக்கக்கூடும். அவற்றில் எதையும் அடைக்கக் கூடாது.

*தரைக்கு அடியில்.* சில வண்டிகளில் டிக்கியின் தரைப்பலகையை மேல்மட்டம், கீழ்மட்டம் என இரண்டு நிலையில் வைக்கலாம். நடுவே 10 முதல் 15 செ.மீ. கிடைத்தால் தட்டையான பெட்டி செய்து, ‘ஷாலோ மவுண்ட்’ எனப்படும் ஆழம் குறைந்த வூஃபரைப் படுக்க வைக்கலாம். இவற்றின் ஆழம் எட்டொன்பது செ.மீ. அளவிலேயே இருக்கும். கூம்பு ஏறி இறங்க மேலே இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். மூட்டை முடிச்சின் எடை கூம்பின் மேல் விழாதபடி உறுதியான சட்டமும் வேண்டும்.

ஒயரிங்கில் சிக்கனம் வேண்டாம்

அட்டைப்பெட்டியில் ‘1,200 வாட்’ என்று பெரிதாக எழுதியிருப்பதைப் பார்க்காதீர்கள். சின்ன எழுத்தில் ஆர்.எம்.எஸ். என்று போட்டிருக்கும் எண்தான் உண்மையான சக்தி. 300 வாட் ஆர்.எம்.எஸ். கிளாஸ் டி ஆம்ப், முழுச் சத்தத்தில் ஏறக்குறைய 27 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 8 கேஜ் முழுச் செம்பு ஒயர் போடச் சொல்லுங்கள். மலிவு ஒயரில் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியிருப்பார்கள். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும்.

பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும். வழியில் எங்காவது தகட்டில் உரசி ஒயர் தோல் கிழிந்தால், தீப்பிடிக்காமல் காப்பாற்றுவது அந்த ஃபியூஸ் ஒன்றுதான். எர்த் ஒயரைப் பெயின்ட் சுரண்டிய வெறும் தகட்டில் போல்ட் போட்டு முறுக்க வேண்டும். கம்பெனி செட்டை மாற்றாமலே ஸ்பீக்கர் ஒயரிலிருந்து சிக்னல் எடுக்கும் ஆம்ப்கள் உண்டு. கம்பெனி ஒயரை வெட்டாமல், கப்ளர் வைத்து மாட்டச் சொல்லுங்கள். வாரன்டி தகராறு வராமலிருக்க அதுதான் பாதுகாப்பு.

பெட்டி எதுவானாலும் தரையோடு போல்ட் அல்லது பெல்ட் போட்டுக் கட்டுங்கள். 20 கிலோ பெட்டி சும்மா கிடந்தால் மோதலின்போது முன்னே பாயும். மூன்றாவது வரிசையில் பெரும்பாலும் குழந்தைகள்தானே உட்காருகிறார்கள்.

காதுக்குச் சரியாக்குதல்

ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, கதவு சாத்தி, நன்றாகப் பழகிய ஒரு பாட்டைப் போடுங்கள். வூஃபர் எந்தச் சுருதிவரை பாட வேண்டும் என்பதை முடிவுசெய்யும் கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். ‘ஃபேஸ்’ சுவிட்சை இரண்டு பக்கமும் மாற்றிப் பாருங்கள், எந்தப் பக்கம் பேஸ் நிறைவாகக் கேட்கிறதோ அங்கே விடுங்கள். ‘கெயின்’ திருகை மெதுவாக ஏற்றி, வூஃபர் தனியாகக் கேட்கத் தொடங்கும் இடத்திலிருந்து ஒரு மயிரிழை பின்வாங்குங்கள். ஏதாவது கடகடத்தால் வூஃபரைச் சந்தேகிக்கும் முன் பின்கதவு நம்பர் பிளேட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள். பல நேரம் அதுதான். பின்னால் இரண்டு ரப்பர் துண்டு ஒட்டினால் அடங்கிவிடும்.

கடைக்குப் போகும் முன்

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வருடத்திலேயே அதிகச் சுமையோடு போகும் பயணத்துக்கு என்னவெல்லாம் ஏற்றுவீர்களோ அவற்றை டிக்கியில் ஏற்றுங்கள். மூன்றாவது வரிசையில் ஆட்களை உட்கார வையுங்கள். பிறகு இன்ச் டேப்பை எடுத்து, இன்னும் காலியாக இருக்கும் பொந்துகளை அளந்து தாளில் எழுதுங்கள். அந்தத் தாளைக் கடைக்காரரிடம் கொடுத்து, “இதுக்குள்ள என்ன வரும்?” என்று கேளுங்கள்.

போன மாதம் ஊரிலிருந்து திரும்பும்போது என் டிக்கியில் இரண்டு அரிசி மூட்டையும், அம்மா கட்டிக்கொடுத்த ஊறுகாய் ஜாடிகளும், கூரையைத் தொடும் அளவுக்குத் தேங்காய்ச் சாக்கும் இருந்தன. சாக்குகளுக்குப் பின்னால், பேனலுக்குள்ளிருந்து 8 அங்குல வூஃபர் பாடிக்கொண்டே வந்தது. வழியில் எங்கேயும் எதையும் இறக்கி வைக்க வேண்டியிருக்கவில்லை.