மீட்டர் போட்டா கடைத்தெரு படுத்துடுமா? பசடினாவில் நடந்த கதை

போன எபிசோடுக்கு அப்புறம் நேயர் ஒருத்தர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். அவருடைய அப்பா ஒரு பழைய கடைத்தெருவில் ரொம்ப வருஷமா துணிக்கடை நடத்துறார். அந்தத் தெருவில் வண்டி நிறுத்தக் கட்டணம் வரப்போகுதுன்னு பேச்சு. "காசு கேட்டா கஸ்டமர் நேரா மாலுக்குப் போயிடுவான், அப்புறம் நான் ஷட்டரை இறக்கிட்டு உட்கார வேண்டியதுதான்"னு அப்பா ராத்திரி தூங்காம புலம்புறாராம். "ப்ரோ, இது நியாயமான பயமா, இல்ல அவரைச் சமாதானப்படுத்தலாமா?"ன்னு கேட்டிருந்தார்.

நியாயமான பயம்தான். ஆனா இதே பயத்தை 1990களின் தொடக்கத்தில் ஒரு கடைத்தெருவே சேர்ந்து பட்டிருக்கு. அது லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் பசடினா என்கிற ஊர். 'பிக் பேங் தியரி' பார்த்தவங்களுக்குப் பேர் தெரிஞ்சிருக்கும், ஷெல்டனும் லெனர்டும் குடியிருக்கிற ஊர். அதோட பழைய மையப்பகுதிக்குப் பேர் ஓல்ட் பசடினா.

ஆபீஸ் வேலையா கொஞ்ச நாள் அந்தப் பக்கம் இருந்தப்போ ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்க போனேன். கையில் கார் கிடையாது, மெட்ரோவில்தான் போனேன். செங்கல் கட்டிடங்கள், சந்துக்குள்ள மேஜை போட்ட உணவகங்கள், நடைபாதை முழுக்க ஜனம். அமெரிக்காவில் நான் பார்த்த மற்ற இடமெல்லாம் பெரிய பார்க்கிங் மைதானம், அதுக்கு நடுவில் ஒரு கடைன்னுதான் இருந்தது. இங்க மைதானமே கண்ணில் படல. அப்போ இத்தனை பேர் வண்டியை எங்க நிறுத்தறாங்க?

கட்டிடத்தையே வெட்டின ஊர்

அந்தத் தெருவின் சரித்திரமே காருக்கு இடம் விட்ட சரித்திரம்தான். பிரதான சாலையான கொலராடோவை 1929ல் 28 அடி அகலப்படுத்தினாங்க. ரெண்டு பக்கமும் கட்டிடம் ஒட்டி ஒட்டி நிக்குது, இடம் எங்கிருந்து வரும்? ஒவ்வொரு கட்டிடத்தின் முன்பக்கத்திலிருந்தும் 14 அடியை வெட்டி எடுத்தாங்க. கேக் வெட்டற மாதிரி. பெரும்பாலான உரிமையாளர்கள் அந்தக் காலத்து ஃபேஷன்படி புது முகப்பு கட்டிக்கிட்டாங்க. சில பேர் பழைய முகப்பையே பின்னாடி நகர்த்தி ஒட்ட வச்சாங்க.

அந்த உழைப்புக்குப் பலன் கிடைக்கல. உடனே பொருளாதார மந்தம் வந்தது. போருக்கு அப்புறம் வியாபாரிகள் பெரிய கடையும் தாராள பார்க்கிங்கும் கிடைக்கிற இடங்களுக்குப் போயிட்டாங்க. 1970களில் அது ஊர்க்காரங்க ஒதுங்கிப் போகிற பகுதி. வாடகை மலிவா இருந்ததால் ஓவியர்கள் மாதிரி சில பேர் மட்டும் அங்க குடியேறினாங்க.

நகர நிர்வாகம் கையில் எடுத்த தீர்வு அப்போ எல்லா ஊரும் எடுத்ததுதான். கொலராடோ சாலையில் பழைய கட்டிடங்கள் இருந்த மூன்று பிளாக்கை இடிச்சு, பொதுப்பணமும் கொடுத்து, 'பிளாசா பசடினா'ன்னு ஒரு மூடிய மால் கட்ட வச்சாங்க. 1980ல் திறந்தது. பார்க்கிங் தாராளம், இலவசம். ஆனா கட்டிடங்கள் இடிபடுறதைப் பார்த்த ஊர்க்காரங்க கொதிச்சுட்டாங்க. அதனால் மிச்சம் இருந்த பழைய பகுதி பிழைச்சது. 1983ல் அது தேசியப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது.

ஆக, ஒரே சாலையில் ஒரு பக்கம் இலவச பார்க்கிங்கோடு புது மால். கொஞ்ச தூரத்தில் பார்க்கிங்கே இல்லாத பழைய கடைகள். நம்ம தொழில் பாஷையில் சொன்னா ஏ/பி டெஸ்ட். பக்காவான டெஸ்ட்னு சொல்ல மாட்டேன், ரெண்டுக்கும் வேற வித்தியாசங்களும் இருந்தது. ஆனா நிஜ ஊரில் இதுக்கு மேல சுத்தமா ஒரு டெஸ்ட் கிடைக்கிறது கஷ்டம்.

உணவகத்தை விட மூணு மடங்கு பெரிய பார்க்கிங்

பட்டியலில் சேர்த்தா மட்டும் கட்டிடத்துக்கு உயிர் வந்துடாது. இங்கதான் பலருக்குத் தெரியாத ஒரு விதி வருது: கட்டாய பார்க்கிங். புதுசா கட்டினாலும் சரி, பழைய கட்டிடத்தை வேற தொழிலுக்கு மாத்தினாலும் சரி, சதுர அடிக்கு இத்தனை கார் இடம் உன் சொந்த மனையில் காட்டணும். காட்டலைன்னா அனுமதி கிடையாது.

கணக்கைப் பாருங்க. பல அமெரிக்க ஊர்களில் 1,000 சதுர அடி உணவகத்துக்கு 10 கார் இடம் கேட்பாங்க. ஒரு கார் நிற்க, திரும்ப, வெளியே வர வழி எல்லாம் சேர்த்து சுமார் 300 சதுர அடி வேணும். அப்போ 1,000 சதுர அடி உணவகத்துக்கு 3,000 சதுர அடி பார்க்கிங். சோறு போடற இடத்தை விட வண்டி தூங்கற இடம் மூணு மடங்கு!

ஓல்ட் பசடினாவில் ஒரு பழைய கிடங்கை உணவகமா மாத்தணும்னு ஒருத்தர் ஆசைப்பட்டா என்ன செய்வார்? கட்டிடம் மனை முழுக்க நிக்குது. பார்க்கிங்குக்கு இடம் வேணும்னா பக்கத்துக் கட்டிடத்தை வாங்கி இடிக்கணும். எந்தத் தெருவுக்காக ஜனங்க வரணுமோ, அந்தத் தெருவையே தின்னுட்டுத்தான் பார்க்கிங் கிடைக்கும்.

நகரம் இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சது. பொதுவான பல அடுக்கு பார்க்கிங் கட்டிடங்களுக்கு ஏற்பாடு செய்தது. கட்டிட உரிமையாளர் தன் மனையில் இடம் காட்டத் தேவையில்லை, ஒவ்வொரு கார் இடத்துக்கும் வருஷத்துக்கு ஒரு சின்னக் கட்டணம் கட்டினா போதும். 2001ல் அந்தக் கட்டணம் ஓர் இடத்துக்கு வருஷத்துக்கு வெறும் 115 டாலர்.

மென்பொருள் ஆட்களுக்கு இது உடனே பிடிபடும். ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் அதன் உச்ச நேரத்துக்குத் தகுந்த மாதிரி தனி சர்வர் ஒதுக்கினா, பாதி நேரம் எல்லா சர்வரும் சும்மா கிடக்கும். எல்லாத்தையும் ஒரே தொகுப்பில் போட்டா, ஒருத்தர் தூங்கும்போது இன்னொருத்தர் உபயோகிப்பார். ஆபீஸ் காரன் சாயங்காலம் ஆறு மணிக்கு எடுக்கிற இடத்தில் சினிமாவுக்கு வர்றவன் ஏழு மணிக்கு நிறுத்துவான். கடை, ஆபீஸ், வீடு, தியேட்டர் எல்லாம் கலந்து இருக்கிற பகுதிக்கு இது கூடுதல் லாபம், ஏன்னா உச்ச நேரங்கள் ஒண்ணா வராது. ஒவ்வொரு கட்டிடமும் தன் மனைக்குள்ளேயே தீர்வு தேடினா இந்தக் கலப்பின் பலன் மொத்தமும் வீண்.

690 மீட்டர்

இப்போ நம்ம நேயரின் அப்பா விஷயத்துக்கு வர்றேன். தெருவோர இடம்.

1993 வரைக்கும் ஓல்ட் பசடினாவில் தெருவோரம் இலவசம், ரெண்டு மணி நேரம்தான் நிறுத்தலாம்னு மட்டும் விதி. கஸ்டமர் வந்தா இடமே இருக்காது. இருந்த இடத்தைப் பிடிச்சு வச்சிருந்தது யார்? கடைகளில் வேலை பார்க்கிறவங்க. காலையில் முதல் ஆளா வந்து வாசலில் நிறுத்திடுவாங்க, அபராதம் வராம இருக்க அப்பப்போ வெளியே வந்து வண்டியை நகர்த்தி வச்சிட்டுப் போவாங்க.

நகரம் மீட்டர் போடலாம்னு சொன்னதும் வியாபாரிகள் எதிர்த்தாங்க. கஸ்டமர் மாலுக்கு ஓடிடுவான்னு அதே பயம். ரெண்டு வருஷம் இழுபறி. கடைசியில் ஒரு ஒப்பந்தம் எதிர்ப்பைத் திருப்பிப் போட்டது: மீட்டரில் விழுகிற காசில் செலவு போக மிச்சம் அத்தனையும் அந்தப் பகுதிக்கே. நகரத்தின் பொதுக் கணக்குக்குப் போகாது. அதுவரைக்கும் மீட்டரே வேண்டாம்னு சொன்னவங்க, அப்படின்னா ராத்திரியும் ஓடட்டும், ஞாயிற்றுக்கிழமையும் ஓடட்டும்னு கேட்க ஆரம்பிச்சாங்க. மணிக்கு 1 டாலர், சுமார் 690 மீட்டர்.

இன்னொரு புத்திசாலித்தனமும் செய்தாங்க. மீட்டர் காசு கொஞ்சம் கொஞ்சமா சேரட்டும்னு காத்திருக்கல. அந்த வருமானத்தைக் காட்டி 50 லட்சம் டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட்டு, வேலையை முதலிலேயே செய்து காட்டினாங்க. மரம், பெஞ்ச், பழைய பாணி விளக்கு. குப்பையும் இருட்டுமா கிடந்த சந்துகள் நடைபாதையா மாறினது. நான் மேஜை போட்டுப் பார்த்ததா சொன்னேனே, அதே சந்துகள். 2001 வாக்கில் மீட்டர்கள் வருஷத்துக்கு 10 லட்சம் டாலருக்கு மேல் நிகர வருமானம் கொடுத்தது. நடைபாதையைக் கழுவுறது, ரோந்து எல்லாம் அதிலிருந்துதான்.

கஸ்டமர் ஓடினாரா? விற்பனை வரி வருமானம் ஓல்ட் பசடினாவில் வேகமா ஏறினது. இலவச பார்க்கிங் வச்சிருந்த மால் தேங்கிப் போச்சு. அதை இடிச்சுட்டு, 2001ல் அதே இடத்தில் கீழே கடைகளும் மேலே கிட்டத்தட்ட 400 வீடுகளுமா 'பசேயோ கொலராடோ'ன்னு திறந்த வளாகம் கட்டினாங்க. மால் அடைச்சு வச்சிருந்த ஒரு பழைய தெருவின் பார்வையையும் திறந்து விட்டாங்க. அப்படியே தப்பிச்சது எது தெரியுமா? நிலத்தடி பார்க்கிங்.

இந்தக் கதையை உலகத்துக்குச் சொன்னவர்களில் முக்கியமானவர் டொனால்ட் ஷூப். லாஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர், 2025ல்தான் காலமானார். பார்க்கிங் பத்தி மட்டும் 700 பக்கத்துக்கு மேல் புத்தகம் எழுதின மனுஷன். அவர் ரசிகர்கள் தங்களை 'ஷூபிஸ்டா'ன்னு சொல்லிப்பாங்க. எந்தத் துறைக்கும் ஒரு ரசிகர் மன்றம் உண்டு போல!

அவர் ஒப்பிட்டுக் காட்டின இடம், தன் பல்கலைக்கழகத்து வாசலிலேயே இருந்த வெஸ்ட்வுட். 1980 வாக்கில் பசடினாக்காரங்க ஊர் சுத்த அங்க போவாங்க. அங்க வியாபாரம் சரிஞ்சப்போ, கடைக்காரங்க கேட்டதுக்காக 1994ல் மீட்டர் கட்டணத்தை மணிக்கு 1 டாலரிலிருந்து 50 சென்ட்டா குறைச்சாங்க. காசு நகரப் பொதுக் கணக்குக்குப் போனது, உடைஞ்ச நடைபாதை உடைஞ்சபடியே கிடந்தது. முன்னாடி அதே தெருக்களில் ஷூப் ஒரு ஆய்வு செய்திருந்தார். மலிவான தெருவோர இடத்தைத் தேடி ஒரு கார் சராசரியா 3.3 நிமிஷம் சுத்துது. கேட்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும். வெறும் 15 பிளாக்கில், ஒரு வருஷத்துக்குக் கூட்டினா 9.5 லட்சம் மைல். நிலாவுக்கு ரெண்டு தடவை போயிட்டு வரலாம், ஆனா பிரியாணி சாப்பிட இடம் கிடைக்காது. (பிரியாணி என் சேர்க்கை.)

ஷூப்பின் யோசனை, தெருவோரத்தில் சுமார் 85 சதவீதம் நிரம்புற மாதிரி விலை வைக்கணும் என்பது. நூறு சதவீதம் நிரம்பின கியூ எப்படி நடந்துக்கும்னு நமக்குத் தெரியும், காத்திருக்கிற நேரம் எகிறிடும். பசடினாவில் 2001ல் அளந்தப்போ சராசரி 83 சதவீதம் இருந்தது. கொஞ்ச நேர வேலைக்கு வந்தவர் வாசலில் காசு கட்டி நிறுத்தினார். ரொம்ப நேரம் இருக்கிறவர் பல அடுக்கு கட்டிடத்துக்குப் போனார், அங்க முதல் 90 நிமிஷம் இலவசம்.

இதை வெற்றிக்கதையா மட்டும் சொன்னா ஏமாத்தினதா ஆகும். தெரு அழகானதும் வாடகை ஏறினது. மோசமான காலத்தில் அந்தக் கட்டிடங்களில் இருந்த ஓவியர்களாலும் சின்னக் கடைகளாலும் தாக்குப்பிடிக்க முடியல. பெரிய பிராண்டுகள் வந்தாங்க. தெருவுக்குத் திரும்பின காசு முதலில் கட்டிட உரிமையாளருக்குத்தான் மதிப்பு கூட்டினது, வாடகைக்கு இருந்தவருக்கு இல்ல. மீட்டரைப் பத்தின பேச்சில் இந்தப் பகுதி ரொம்பக் கம்மியாத்தான் வருது, எனக்கு அதில் வருத்தம் உண்டு.

அதனால் நேயருக்கு நான் அனுப்பின பதிலில் மூணே கேள்வி. அந்தக் காசு எந்தக் கணக்குக்குப் போகும், தெருக் கணக்குக்கா பொதுக் கணக்குக்கா? ரொம்ப நேரம் நிறுத்தறவங்களுக்கு நடக்கிற தூரத்தில் வேற இடம் இருக்கா? கடை சொந்தக் கட்டிடமா, வாடகையா? வாடகைன்னா அப்பாவின் கவலையை நான் சின்னதா நினைக்க மாட்டேன், ஆனா அவர் பயப்பட வேண்டியது மீட்டரைப் பார்த்து இல்ல.

கடைசியா ஒரு வேலையும் கொடுத்தேன். ஒரு நாள் காலையில் கடை வாசலில் நிற்கிற வண்டிகள் யாருடையதுன்னு எண்ணிப் பாருங்கன்னு. அடுத்த நாள் பதில் வந்தது: "ப்ரோ, மொத்தம் ஆறு வண்டி. ஒண்ணு அப்பாவோட ஸ்கூட்டர், ரெண்டு எங்க கடைப் பசங்க பைக், ஒண்ணு எதிர்க்கடை அண்ணனோட கார். மிச்சம் ரெண்டுதான் கஸ்டமர். அப்பாகிட்ட இன்னும் சொல்லல."