எட்டுக் கம்பியும் ஒற்றை வரிசையும்

சரக்கு லாரி புளியரை தாண்டிக் கேரளத்துக்குள் நுழையுமுன் பில் தயாராக வேண்டும். வாங்குபவருக்கு ஒரு படி, லாரிக்காரருக்கு ஒன்று, விற்பவருக்கு ஒன்று: பொதுவாக மூன்று படி என்கிறது ஜிஎஸ்டி விதி 48. கார்பன் வைத்து ஒரே அடியில் மூன்றையும் எடுக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரைத் தென்காசிப் பக்கத்துக் கடைக்காரர் கைவிடத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கம்ப்யூட்டரை மாற்றும்போதுதான் சிக்கல். பழைய பிரின்டரின் முதுகில் 36 முனைகள் கொண்ட அகலமான பேரலல் சாக்கெட். புதுக் கம்ப்யூட்டரிலோ யுஎஸ்பி மட்டும்.

பேரலல் முறை 1970இல் சென்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் பிரின்டரோடு வந்தது. ஓர் எழுத்துக்கு எட்டு பிட். எட்டுக்கும் தனித்தனிக் கம்பி. எட்டும் தயாரானதும் ‘ஸ்ட்ரோப்’ கம்பி ஒரு தட்டுத் தட்டும்: எடுத்துக்கொள். பிரின்டருக்குக் கை ஓயவில்லையென்றால் ‘பிஸி’ கம்பி சொல்லும்: பொறு.

எட்டும் சேர்ந்து போனால் வேகம்தானே? குற்றாலம் ஐந்தருவியைப் பாருங்கள். ஐந்தும் அருகருகேதான் விழுகின்றன. ஆனால் ஒரு பிரிவைப் பாறை தடுக்கும், இன்னொன்று நேரே கொட்டும். ஒன்றாகக் கிளம்பிய தண்ணீர் ஒன்றாகத் தரை சேராது. கம்பிகளிலும் அதே கதை. வேகமும் நீளமும் கூடக் கூட, பிட்டுகள் முன்பின்னாக வந்து சேரும். 1996இல் வந்த யுஎஸ்பி, பிட்டுகளை ஒரே சோடிக் கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பி இந்தத் தொல்லையை ஒழித்தது. வரிசையில் நின்றாலும் நொடிக்கு 1.2 கோடி பிட் போனது.

இரண்டையும் இணைக்கும் கன்வெர்ட்டர் கேபிள் வெறும் கம்பி அல்ல. அதன் தலைக்குள் ஒரு சிப் இருக்கிறது. வரிசையில் வரும் பிட்டுகளை எட்டு எட்டாகச் சேர்த்து, பிரின்டர் ‘பிஸி’யா என்று பார்த்து, ஸ்ட்ரோப் தட்டுவது அதன் வேலை.

வாங்குமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த கேபிள் கம்ப்யூட்டரிடம் தன்னைப் பிரின்டர் என்றே சொல்லிக்கொள்ளும். எல்பிடி1 எனப்படும் பேரலல் போர்ட்டாக மாறாது. டாஸ் காலத்து பில்லிங் புரோகிராமோ எல்பிடி1ஐத்தான் தேடும். விண்டோஸில் பிரின்டரை ஷேர் செய்து, ‘நெட் யூஸ்’ கட்டளையால் எல்பிடி1 பெயரை அதற்குச் சூட்டினால் பெரும்பாலும் பில் அடித்துவிடலாம். ஆனால் 64 பிட் விண்டோஸில் டாஸ் புரோகிராமே நேரடியாக ஓடாது.

போர்ட்டின் கம்பிகளைத் தாமே ஆட்டிவைக்கும் பழைய ஸ்கேனர்களுக்கு இந்த கேபிள் உதவாது. அவற்றுக்குக் கம்ப்யூட்டருக்குள் செருகும் பேரலல் கார்டைக் கேட்டு வாங்குங்கள்.