பட்டாதாரர் காலமானபின் செய்யவேண்டுவன

குடும்பத் தலைவர் காலஞ்சென்றபின், துக்கத்தின் மிகுதியால் நிலத்தின் தஸ்தாவேஜுகளைக் கவனியாது விடுதல் குடியானவர்களிடையே உண்டு. இறந்தவர் பெயரிலேயே பட்டா நிற்குமாயின், பயிர்க்கடன் பெறுவதும் வெள்ளச் சேதத்துக்கு நிவாரணம் கோருவதும் வாரிசுகளுக்குப் பெருந்தொல்லையாய் முடியும்.

முதலாவதாக, 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, மரணத்தை 21 நாட்களுக்குள் தெரிவித்துப் பதிவுசெய்விக்க வேண்டும். ஓராண்டு கடந்துவிடின் மாஜிஸ்டிரேட்டின் உத்தரவின்றிப் பதிவு நடவாது. சான்றின் பிரதிகள் சிலவற்றைக் கூடுதலாகப் பெற்று வைத்தல் நலம்.

அடுத்து, தமிழ்நாட்டில் தாசில்தாரிடம் வாரிசுச் சான்று பெற்று, பட்டா மாறுதலுக்கு மனுச்செய்ய வேண்டும். இந்து ஆடவர் ஒருவர் உயில் எழுதாது இறப்பின், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, தாய், புதல்வர், புதல்வியர் ஆகியோர் அவர் சொத்தில் சமபங்குடையர். மணமாகிச் சென்ற மகளையும் வயோதிகத் தாயையும் மனுவில் விட்டுவிடுதல் அவர்களுக்கு அநீதியாவதுடன், பின்னாளில் வழக்குக்கும் வித்தாகும். கிராம அதிகாரிகள் விசாரணையில் இதனை முக்கியமாய்க் கவனிப்பாராக.

கூட்டுறவுச் சங்கக் கடன் பாக்கியையும் உடனே விசாரித்தறிக. ஜாமீன் கொடுத்திராத வாரிசுகள், தாம் அடைந்த சொத்தின் மதிப்பளவே அக்கடனுக்குப் பொறுப்பாளிகள்.

இவ்வேலைகள் யாவற்றையும் அடுத்த சாகுபடிக்கு முன்னரே தொடங்கிவிடுதல் உத்தமம்.