அதிவேக ரயில்பாதையும் மாநகரின் வாயிலும்

1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு 34 கிலோமீட்டர் ஓடிய ரயிலே இந்தியாவின் முதல் பிரயாணி ரயிலாகும். இன்று அதே மும்பையிலிருந்து ஆமதாபாத்துக்கு 508 கிலோமீட்டர் நீளமுள்ள அதிவேகப் பாதை அமைக்கப்பட்டு வருகிறது. 2017 செப்டம்பர் 14 அன்று சாபர்மதியில் இதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஜப்பானிய முறையைத் தழுவிய இப்பாதையில் ரயில்கள் மணிக்கு 320 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்.

இவ்வேகத்திற்குத் தனிப் பாதை ஏன் வேண்டும்? கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டிச் சுழற்றினால் அது கையை வெளிப்புறம் இழுப்பதை உணர்கிறோம். வளைவில் திரும்பும் வண்டியிலும் பிரயாணிகள் இவ்வாறே வெளிப்புறம் தள்ளப்படுவதாக உணர்வர். வேகம் இரு மடங்கானால் இத்தள்ளுதல் நான்கு மடங்காகும். அதைப் பழைய அளவிலேயே வைக்க, வளைவின் ஆரமும் நான்கு மடங்காக வேண்டும். 1964-இல் டோக்கியோவிற்கும் ஒசாகாவிற்கும் இடையே திறக்கப்பட்ட பாதையில், மணிக்கு 210 கிலோமீட்டர் வேகத்திற்கு 2,500 மீட்டர் ஆரம் கொள்ளப்பட்டது. அக்கணக்கின்படி 320 கிலோமீட்டர் வேகத்திற்கு ஏறத்தாழ 5,800 மீட்டர் தேவையாகும்.

வீடுகள் நெருங்கிய மாநகரில் இத்தகைய பாதைக்கு நிலத்தின்மேல் இடம் காண்பது அரிது. ஆதலின் பாந்த்ரா–குர்லா வளாகத்தில் நிலையம் நிலத்தடியில் அமைகிறது. அங்கிருந்து ஷில்பாட்டா வரை 21 கிலோமீட்டர் சுரங்கப்பாதை. அதில் 7 கிலோமீட்டர் தாணே கழிமுகத்தின் அடியில் செல்லும். கரையிலுள்ள அலையாத்திக் காடுகளும் இதனால் காக்கப்படும்.

இனி நேரத்தைக் கணக்கிடுவோம். நில்லாமல் முழு வேகத்தில் ஓடினால் 508 கிலோமீட்டரை 95 நிமிடங்களில் கடக்கலாம். ஆயினும் வழியில் நின்று புறப்படுவதால் சில நிலையங்களில் மட்டும் நிற்கும் ரயிலுக்கே ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். ஒவ்வொரு நிறுத்தமும் சில நிமிடங்களை விழுங்குகிறது. எனவே மொத்த நிலையங்கள் பன்னிரண்டே.

நமது அகலப் பாதையின் தண்டவாள இடைவெளி 1,676 மில்லிமீட்டர். புதிய பாதையினது 1,435 மில்லிமீட்டர். ஆகவே புதிய ரயில் தாதர் போன்ற பழைய நிலையங்களுக்கு வர இயலாது. பிரயாணியே அதனிடம் செல்ல வேண்டும். மித்தி ஆற்றின் மறுகரையிலுள்ள தாராவி மக்களுக்கு இது எளிது: 2025 மே முதல் மெட்ரோவில் அடுத்த நிறுத்தமே இவ்வளாகம். மாட்டுங்கா, செம்பூர் வாசிகளோ புறநகர் ரயிலில் குர்லா வந்து, பின்னர் சாலை வழியே செல்ல நேரும். அங்கு நெரிசலில் ஒரு மணி நேரம் கழியுமாயின், ரயில் ஈட்டித் தந்த நேரத்தின் பெரும்பகுதி வீணாகிவிடும். எனவே பிரயாண நேரத்தை வீட்டு வாயிலிலிருந்தே கணக்கிடுவதுதான் நல்ல திட்டமாகும்.